நாலு பார்ட்டி வேலை ஒரே நேரத்தில், கரெக்‌ஷன்களை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

கோவை எடிட்டர்:
வீட்டிலிருந்தே ஃப்ரீலான்ஸாக எடிட்டிங் செய்கிறேன். இப்போது கையில் ஒரு சமையல் யூடியூப் சேனல், இரண்டு கல்யாண வீடியோ, ஒரு ஆவணப்படத்துக்கு சப்டைட்டில். எடிட்டிங்கைவிட கரெக்‌ஷன்தான் படுத்துகிறது. மாப்பிள்ளை வாட்ஸ்அப்பில் வாய்ஸ் நோட் அனுப்புவார், அவருடைய அக்கா தனியாகக் கூப்பிட்டு "தாலி கட்டும்போது எங்க சித்தப்பாவைக் காணோமே" என்பார், சேனல்காரர் மெயிலில் எழுதுவார். எது முடிந்தது, எது பாக்கி என்று தேடுவதிலேயே பாதி நாள் போய்விடுகிறது. இதற்கு எந்த ஆப் நல்லது?

மதுரை போஸ்ட்:
ஆப் எதுவானாலும் சரி தம்பி, முதலில் கரெக்‌ஷன் ஒரே வழியில் வரட்டும். அட்வான்ஸ் வாங்கும்போதே சொல்லிவிடுங்கள்: வீட்டில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், ஆனால் ஒருவர்தான் எழுதுவார், அதுவும் ஒரே கூகுள் ஷீட்டில். டைம்கோடு (வீடியோவில் எத்தனையாவது நிமிடம், செகண்ட்), என்ன மாற்ற வேண்டும், முடிந்ததா, இவ்வளவு போதும். வீடியோவை வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள், அது சுருக்கிவிடும், அப்புறம் "ஏன் மங்கலா இருக்கு" என்று அதற்கு ஒரு கரெக்‌ஷன் வரும். டிரைவ் லிங்க் கொடுங்கள், மூலையில் டைம்கோடும் வெர்ஷன் எண்ணும் தெரியும்படி எக்ஸ்போர்ட் செய்யுங்கள். கொட்டேஷனிலேயே இரண்டு ரவுண்டு திருத்தம், மூன்றாவதற்குத் தனிக் காசு என்று போட்டுவிடுங்கள். அப்போதுதான் முழுசாக உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுதுகிறார்கள்.

டைம்லைன்:
அண்ணன் சொல்வது சரிதான், ஆனால் கல்யாண வீட்டில் பெரியவர்கள் போன் செய்வதை யாராலும் தடுக்க முடியாது. அவர்கள் பேசும்போதே ஷீட்டில் அடித்து, போனை வைப்பதற்குள் ஒருமுறை வாசித்துக் காட்டிவிடுங்கள்.

அப்புறம் ஃபைல் பெயரில் "ஃபைனல்" என்று எழுதவே வேண்டாம். 2025-08-21_சமையல்_வி03 என்று வருடத்தை முன்னால் போட்டால் தானாகவே தேதி வரிசையில் நிற்கும். நாளை முன்னால் போட்டால் எல்லா மாதத்து 21-ம் தேதியும் ஒன்றாகக் கிடக்கும். மெமரி கார்டை இரண்டு தனித்தனி டிஸ்கில் காப்பி எடுத்து, திறந்து பார்த்த பிறகே ஃபார்மட் செய்யுங்கள். கல்யாணத்தை மறுபடி ஷூட் பண்ண முடியாது.

சப்டைட்டில் பக்கம்:
ஆவணப்படத்துக்கு ஒன்று. படம் லாக் ஆகும் முன், அதாவது இனி வெட்டு ஒட்டு இல்லை என்று முடிவாகும் முன், சப்டைட்டில் டைமிங்கைத் தொடாதீர்கள், முதல் நிமிடத்தில் டைரக்டர் இரண்டு செகண்ட் வெட்டினாலும் அதற்குப் பின்னால் உள்ள அத்தனை வரியும் நகர்ந்துவிடும். படம் செகண்டுக்கு 25 ஃப்ரேமா 24-ஆ என்றும் கேட்டு வாங்குங்கள். முடிந்தால் இந்த மாதிரி நீண்ட வேலைகளை ஆடியிலும் மார்கழியிலும் வைத்துக்கொள்ளுங்கள், முகூர்த்தம் இல்லாத மாதங்கள், மூச்சு விடலாம். தை, ஆவணியில் புதுசாக எதையும் ஒத்துக்கொள்ளாமல் இருப்பதே நல்லது.

கோவை எடிட்டர்:
ரொம்ப நன்றி. ஷீட் எழுதும் வேலையை அந்த அக்காவிடமே கொடுத்துவிடுகிறேன், அவர்தான் ஒரு ஷாட் விடாமல் பார்க்கிறார். பாதியில் நிற்கும் வேலைக்கும் ரவுண்டு கணக்குப் பேசலாமா?

மதுரை போஸ்ட்:
இதுவரை வந்ததை முதல் ரவுண்டு என்று எழுதி அனுப்பிவிட்டுப் பேசுங்கள். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.