புதுப்பிப்பு: அம்மாவுக்கு அமெரிக்கக் குடிவரவு அபுதாபியிலேயே முடிந்தது

கல்லடியிலிருந்து அம்மா தனியாகச் சிகாகோவுக்கு, அக்காவிடம் போனார். அபுதாபியில் மாறும்போதே அமெரிக்கக் குடிவரவுச் சோதனை நடக்குமா என்று இங்கே முன்பு கேட்டிருந்தேன். சுகமாகப் போய்ச் சேர்ந்துவிட்டார்.

ஓம், அங்கேதான் நடந்தது. 2014 முதல் அமெரிக்க அதிகாரிகளே அங்கிருந்து கைரேகை, கேள்வி, சுங்கம் எல்லாம் முடிக்கிறார்கள். கட்டுநாயக்காவில் போட்ட பெட்டியின் படத்தைத் திரையில் காட்டி, உங்களுடையதா என்று கேட்டார்களாம். கைப்பிடியில் நாங்கள் கட்டிவிட்ட பச்சை ரிப்பனைக் கண்டதும் அம்மா தலையாட்டியிருக்கிறார். பெட்டியிலிருந்து கறிவேப்பிலையை எடுத்துவிடுங்கள் என்று இங்கே பதில் சொன்ன அக்காவுக்குக் கோடி நன்றி. பச்சைக் கறிவேப்பிலையை அமெரிக்காவுக்குக் கொண்டுபோகத் தடை.

சிகாகோவில் உள்நாட்டுப் பயணிபோல இறங்கி, நேரே பெட்டி எடுக்கப் போய்விட்டார். வயதான பெற்றோருக்கு இந்த வழிதான் நல்லது என்பேன். ஏதும் சிக்கல் என்றாலும் பாதி வழியிலேயே தெரிந்துவிடும்.

ஆனால் இடைநேரத்தைக் குறைக்காதீர்கள். பயண முகவர் ஒன்றரை மணித்தியாலம் போதும் என்றார், நாங்கள் கேட்கவில்லை. பாதுகாப்புச் சோதனையும் மறுபடி உண்டு.

கனடா பற்றிக் கேட்ட தம்பிக்கு: ரொறன்ரோவிலிருந்து அமெரிக்கா போனால் இதே முறைதான். கனடாவுக்குள் நுழைய, அங்கே இறங்கித்தான் சோதனை.