ஆஸி டேவிஸ் – ரூபி டீ நினைவுக் குறிப்பு: மொழிபெயர்க்க உதவி வேண்டும்

வணக்கம் நண்பர்களே. அமெரிக்கக் கறுப்பின நடிகர்களான ஆஸி டேவிஸ், ரூபி டீ தம்பதி சேர்ந்து எழுதி 1998-ல் வெளியான நினைவுக் குறிப்பிலிருந்து சில பகுதிகளை எங்கள் வாசிப்பு வட்டத்துக்காகத் தமிழில் தந்துகொண்டிருக்கிறேன். ஓரிடத்தில் சிக்கி நிற்கிறேன்.

புத்தகத்தில் இருவரும் மாறி மாறிப் பேசுகிறார்கள். ஆங்கிலத்தில் கேட்கும் இரண்டு தனிக் குரல்கள் என் தமிழில் ஒரே ஆள் பேசுவதுபோல ஆகிவிடுகின்றன. ரூபியின் பகுதியை மட்டும் பேச்சுத் தமிழில் எழுதிப் பார்த்தேன். அவர் படிப்பில் குறைந்தவர்போலத் தோன்றியது, மனசு ஒப்பவில்லை, அழித்துவிட்டேன். வேறு எப்படிப் பிரித்துக் காட்டலாம்?

இன்னொன்று, 'நீக்ரோ' என்ற சொல். 1946-ல் ஒரு நாடகத்தில் சந்தித்து 1948-ல் மணந்தவர்கள். கறுப்பின மக்களின் உரிமைக்காக நடந்த 1963 வாஷிங்டன் பேரணி மேடையில் நின்றவர்கள். 1965-ல் கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸின் இறுதிச் சடங்கில் அஞ்சலியுரை ஆற்றியவர் ஆஸி. அந்தக் காலத்தில் அவர்களே புழங்கிய சொல் அது. எல்லா இடத்திலும் 'கறுப்பினத்தவர்' என்று மாற்றினால் காலம் அழிந்துபோகிறது. அப்படியே வைத்தால் வாசகர் முகம் சுளிப்பார்களோ என்று தயங்குகிறேன். அடிக்குறிப்பு போட்டால் போதுமா?

தன்வரலாறுகளை மொழிபெயர்த்த அனுபவமுள்ளவர்கள் ஒரு பத்தி மாதிரி எழுதிக் காட்டினால்கூடப் பெரிய உதவி. கடைசியாகத் திருத்திய இரண்டு பக்கங்களைக் கேட்பவர்களுக்கு அனுப்புகிறேன்.