காலிமுகத்திடலில் இடிமழையில் மாட்டிக்கொண்டோம், மீதி நாள்களை எப்படி வைத்துக்கொள்வது?

மலைக்கோட்டை மருமகள்:
ஏப்ரல் லீவுக்குத் திருச்சியிலிருந்து குடும்பத்தோடு கொழும்பு வந்திருக்கிறோம். நேற்று சாயங்காலம் காலிமுகத்திடலில் பையனுக்கு இறால் வடை வாங்கிக் கொடுத்துவிட்டு நின்றிருந்தோம். கடல் பக்கம் வெயில் பளிச்சென்று அடிக்கிறது, மழை வரும் என்று யார் நினைப்பார்கள்? திடீரென்று பட்டம் விற்கிறவர்கள் நூலைச் சுற்ற ஆரம்பித்தார்கள். திரும்பிப் பார்த்தால் ஊர்ப் பக்கம் வானம் கன்னங்கரேல் என்று கிடக்கிறது.

ஆட்டோ பிடித்து வெள்ளவத்தைக்குக் கிளம்பினோம். பம்பலப்பிட்டி தாண்டுவதற்குள் முன்னால் போகிற பஸ்கூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. டிரைவர் பக்கத் திரையை இறக்கிவிட்டும் மடியெல்லாம் நனைந்துவிட்டது. மாமியார் "அர்ஜுனா, அர்ஜுனா" என்று சொல்வதை நிறுத்தவே இல்லை. நாங்கள் ஒன்றும் இடி பார்க்காதவர்கள் இல்லை, ஆனால் இது வேறு ரகம்.

ஃபிளாட்டுக்கு வந்தால் அடுத்த கூத்து. ஒரு இடிதான், "டப்" என்று ஒரு சத்தம், வீடு முழுக்க இருட்டு. எதிர் பில்டிங்கில் விளக்கு எரிகிறது! ஓனர் போனை எடுக்கவில்லை. வாட்ச்மேன் வந்து கதவுக்கு மேலே இருந்த பெட்டியில் ஒரு சுவிட்சைத் தூக்கிவிட்டார். கொஞ்ச நேரத்தில் மறுபடி விழுந்துவிட்டது.

இன்னும் தாமரைக் கோபுரமும் காலி ஊரும் பாக்கி. தினமும் இப்படித்தானா? அந்த ஆட்டோவில் வந்தது ஆபத்தா? பெட்டியை நாங்களே தொடலாமா?

வெள்ளவத்தை வாசி:
அக்கா, நீங்கள் வந்த மாதம் அப்படி. இரண்டு பருவமழைக்கும் இடைப்பட்ட மார்ச், ஏப்ரலிலும் பிறகு ஒக்டோபர், நவம்பரிலும் இங்கே பின்னேரத்து இடிமழைதான். காலையில் நல்ல வெயில். அந்தச் சூட்டில் நிலத்துக் காற்று மேலே கிளம்பும், கடற்காற்று ஈரத்தோடு உள்ளே வரும், இரண்டும் சேருகிற உள்நாட்டுப் பக்கம் முகில் கட்டும். அது பெரும்பாலும் பின்னேரம்தான் கொழும்புக்கு வந்து சேரும். அதனால் கடலைப் பார்த்து மழையைக் கணிக்காதீர்கள், கிழக்கே பாருங்கள். தினமும் வரும் என்றில்லை, ஆனால் வந்தால் மதியத்துக்குப் பிறகுதான் வரும். வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவிப்பு தமிழிலும் வரும், காலையில் ஒருக்கா பார்த்துவிட்டு வெளிக்கிடுங்கள்.

தாமரைக் கோபுரத்துக்குக் காலையிலேயே போங்கள். 350 மீட்டர் உயரக் கோபுரம், மேலே போய் முகிலை மட்டும் பார்த்துவிட்டு வருவதில் என்ன இருக்கிறது? காலிக்கு விடிய ரயில் எடுங்கள். கொழும்புக் கோட்டை ஸ்டேஷனில் ஏறுவதைவிட அதற்கு முந்திய மருதானையில் ஏறினால் இருக்கை கிடைக்க வாய்ப்பு அதிகம். போகும்போது வலப்பக்க ஜன்னல், கடல் அந்தப் பக்கம். காலிக் கோட்டை மதில்மேல் நடப்பதை மதியத்துக்குள் முடித்துவிடுங்கள், அது முழுக்க வெட்டவெளி. திரும்பும்போது இடித்தாலும் ரயில் பெட்டிக்குள் பயமில்லை. வாசலில் தொங்கிக்கொண்டு படம் எடுக்கிற வேலை மட்டும் வேண்டாம்.

மதுரைக்காரன்:
ஆட்டோவுக்கு ரப்பர் டயர்தானே? அப்புறம் என்ன பயம்?

வெள்ளவத்தை வாசி:
தம்பி, மேகத்திலிருந்து கிலோமீட்டர் கணக்கில் காற்றைக் கிழித்துக்கொண்டு வருகிற மின்னலுக்கு ஓரங்குல ரப்பரா தடை? காரில் காப்பாற்றுவது நாலு பக்கமும் மூடிய இரும்புக்கூடு. மின்சாரம் வெளித்தகட்டோடு ஓடித் தரைக்கு இறங்கிவிடும். ஓட்டோவுக்கு மேலே சீலைக் கூரை, பக்கமெல்லாம் திறப்பு. ஆனாலும் அக்கா, அந்த வெட்டவெளியில் நிற்பதைவிட நீங்கள் கிளம்பியது நல்லது. அடுத்த முறை அப்படி வந்தால் பக்கத்தில் உள்ள ஏதாவது கட்டடத்துக்குள் போய்விடுங்கள். மின்னலுக்கும் இடிக்கும் இடையில் எண்ணிப் பாருங்கள், மூன்று வினாடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் உள்ளே போக வேண்டும், கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் வெளியே வரக்கூடாது. தென்னை மரத்தடியில் ஒதுங்கவே ஒதுங்காதீர்கள்.

கொட்டாஞ்சேனை எலெக்ட்ரீஷியன்:
விழுந்தது ட்ரிப் சுவிட்ச். வீட்டுக்குள் போகிற கரண்டும் நியூட்ரல் என்ற திரும்பும் வயரில் வருகிற கரண்டும் சமமா என்று பார்த்துக்கொண்டே இருப்பதுதான் அதன் வேலை. வீடுகளில் போடுவது பெரும்பாலும் 30 மில்லி ஆம்பியர், அவ்வளவு நிலத்துக்குக் கசிந்தாலே விழுந்துவிடும். பக்கத்தில் மின்னல் விழுந்தால் வயரில் ஏறுகிற வீச்சுக்கும் விழும். கொழும்பில் இது சாதாரணம், பயப்பட ஒன்றுமில்லை.

இடி நடக்கும்போது பெட்டியைத் தொடாதீர்கள், இருட்டில் இருங்கள். ஓய்ந்த பிறகு, கை காய்ந்திருக்க வேண்டும், எல்லா ப்ளக்கையும் கழற்றிவிட்டுச் சுவிட்சைத் தூக்குங்கள். விழாமல் நின்றால் ப்ளக்குகளை ஒவ்வொன்றாகக் கொடுத்து வாருங்கள், எதைக் கொடுக்கும்போது விழுகிறதோ அதில்தான் கசிவு. எல்லாம் கழற்றியும் நிற்கவில்லை என்றால் வயரிங்கில் கோளாறு, ஓனர் ஆள் அனுப்பத்தான் வேண்டும். அதை விழாமல் ஒட்டிக் கட்டி வைக்கிற புத்திசாலிகளைப் பார்த்திருக்கிறேன், அது உயிரோடு விளையாட்டு. இன்னொன்று, ட்ரிப் சுவிட்ச் மனிதரைக் காப்பாற்றத்தான், டிவியை அல்ல. முகில் கறுக்கும்போதே டிவி, சார்ஜர், வைஃபை பெட்டி எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். சார்ஜில் இல்லாத போனில் கதைப்பதில் பிரச்சினை இல்லை.

மலைக்கோட்டை மருமகள்:
ரொம்ப நன்றி. கழற்றிக் கழற்றிப் பார்த்ததில் சமையலறை கெட்டில்தான் காரணம், ப்ளக்கைக் கொடுத்ததும் விழுகிறது. அதை ஓரமாக வைத்துவிட்டோம், டீ இப்போது அடுப்பில். காலிக்கு நாளைக்கு விடியற்காலை கிளம்புகிறோம். மாமியார் வலப்பக்க ஜன்னலுக்கு இப்போதே துண்டு போட்டுவிட்டார்.