ஊருணி, வரத்துக்கால் அளக்கப் போன இடத்தில் நடந்தது: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

கண்டனூரான்:
ஊருணி சீரமைப்புக்காக டோட்டல் ஸ்டேஷன் என்ற அளவைக் கருவியைத் தூக்கிக்கொண்டு கானாடுகாத்தான் பக்கம் போயிருந்தோம். எஃப்எம்பியில், அதாவது நில அளவை வரைபடத்தில், ஊருணிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் தெளிவாக இருக்கிறது. தரையில் பார்த்தால் பாதி தூரத்துக்குக் காம்பவுண்டுச் சுவர். சர்வேயில் நட்ட மூலைக்கல் கிடைத்தால் ஜி லைனை, அதாவது வரைபடத்தின் அடிப்படை அளவுக்கோட்டை, பிடித்துவிடலாம் என்று கருவேல முள்ளுக்குள் கடப்பாரையால் குத்திக்கொண்டிருந்தோம். ஒரு ஆச்சி எட்டிப் பார்த்து, "என்ன தம்பி தேடுறீக?" என்றார்கள். சொன்னேன். "அம்பு போட்ட கல்லா? உள்ள வாங்க."

கொல்லையில் கிணற்றடித் துவைகல். ஒரு வாளி தண்ணீரை ஊற்றி சோப்பு நுரையைக் கழுவினார்கள். அம்புக்குறி பளிச்சென்று தெரிந்தது. "சுவரு வச்சப்ப கொத்தனார் பேத்துப் போட்டாரு. வேணும்னா எடுத்துக்கிட்டுப் போங்க." நல்ல மனதோடுதான் சொன்னார்கள். இடம் பெயர்ந்த கல்லை வைத்து என்ன செய்ய? தள்ளியிருந்த வேறு கற்களிலிருந்து அளந்து வந்தோம். மூலை அவர்கள் கார் ஷெட்டுக்குள் விழுந்தது. அதைச் சொன்னபோது அவர்கள் முகம் போன போக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. சுவர் எழும்பும்போது ஊரில் ஒருத்தர்கூடக் கேட்கவில்லையே!

ரஸ்தாக்காரன்:
கல்லை விடுங்கள் அண்ணே, லெவல்தான் எல்லாம், எந்த இடம் மேடு, எந்த இடம் பள்ளம் என்பதுதான். எங்கள் வீட்டு முற்றத்து மழை முழுக்கத் தெருக்கால் வழியாக ஊருணிக்குத்தான் போகும். செட்டிநாட்டு ஊர்களை அப்படித்தானே அமைத்தார்கள். பழைய ரோட்டின் மேலேயே ரோடு போட்டுப் போட்டு பின்தெரு உயர்ந்துவிட்டது. போன ஐப்பசி மழையில், தண்ணீர் வெளியே போக வேண்டிய துவாரம் வழியாகத் தெருத்தண்ணீர் கொப்பளித்துக்கொண்டு பின்கட்டுக்குள் வருகிறது. கூடவே ஒரு ரப்பர் செருப்பு. எங்கள் அப்பத்தா தூணைப் பிடித்துக்கொண்டு, "இந்த வீட்டுக்குள்ள தெருத்தண்ணி வந்து நான் பாத்ததில்ல" என்று அழுதுவிட்டார்கள். பழைய ரோட்டைச் சுரண்டிவிட்டுத்தான் புதிது போட வேண்டும் என்று 2021-லேயே தலைமைச் செயலாளர் உத்தரவு போட்டாயிற்று. யார் மதிக்கிறார்கள்?

பழைய ஓவர்சியர்:
ரஸ்தாக்காரன் தம்பி, எல்லை தெரியாமல் லெவலை மட்டும் வைத்துக்கொண்டு கால்வாயை எங்கே வெட்டுவீர்கள்? ஒரு ஊரில் ஊருணியைச் சுற்றி நடைபாதை, லைட், பெஞ்சு எல்லாம் ஜோராகப் போட்டார்கள். மழை வந்தது. வெள்ளம் நடைபாதைக்கு வெளியே முழங்காலளவு நிற்கிறது, உள்ளே தரை காய்ந்து கிடக்கிறது. வரத்து வாயையே அடைத்துக் கட்டிவிட்டார்கள்.

அதனால் சொல்கிறேன், திட்டம் போடும் முன் முதலில் இ-சேவை இணையதளத்தில் எஃப்எம்பியை எடுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் ஏ-ரிஜிஸ்டர் என்ற நிலப் பதிவேட்டைப் பார்த்து, ஊருணி, கால் இரண்டும் புறம்போக்காகப் பதிவாகியிருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். சர்வேயரை வைத்து அளந்து புதுக்கல் நட்ட பிறகுதான் லெவல். எல்லா உயரத்தையும் ஒப்பிட்டு அளக்க, கோயில் படி மாதிரி ஆடாத இடமாக ஒரு பெஞ்ச்மார்க் வைத்துக்கொள்ளுங்கள். காலின் தலைப்பு, ஒவ்வொரு சிறுபாலம், வரத்து வாய், ஊருணித் தரை, உபரித் தண்ணீர் வழியும் கலிங்கு எல்லாவற்றுக்கும் ரீடிங் வேண்டும். இந்தப் பக்கம் பூமி தட்டை; ஒரு சிறுபாலத்தைக் கொஞ்சம் தூக்கிக் கட்டினாலே மொத்த ஓட்டமும் நின்றுபோகும். அப்புறம், ஊராட்சியென்றால் கிராம சபையில் தீர்மானம் போட்டுவிடுங்கள். காரைக்குடி 2024-ல் மாநகராட்சியானபோது அதில் சேர்ந்த ஊராட்சிகளில் இனி கிராம சபை இல்லை, நகரப் பகுதி மக்கள் கூடும் பகுதி சபையில்தான் கேட்க வேண்டும். கடைசியாக, எவ்வளவு ஆழம் முடியுமோ அவ்வளவு தோண்டிவிடுங்கள். கொள்ளளவு கூடும்.

பள்ளத்தூர் மருமகள்:
ஓவர்சியர் ஐயா, மற்றதெல்லாம் சரி, அந்தக் கடைசி வரியை மட்டும் யாரும் கேட்டுவிடாதீர்கள். எங்கள் பிறந்த ஊர்க் குடிதண்ணீர் ஊருணியில் ஜேசிபி இறங்கியபோது நான் கரையில் நின்றேன். முதலில் கறுப்பு வண்டல் வந்தது. அதன்பின் ஒரு வாளி செக்கச்செவேலென்று செம்புறாங்கல்லோடு மேலே வந்தது. எங்கள் சின்னையா ஓடிப்போய் வண்டி முன்னால் கையை விரித்து நின்று, "போதும்! அடி பொத்துருச்சு!" என்று கத்தினார். ஆழம் கூடினால் நல்லதுதானே என்று ஒப்பந்தக்காரர் மேலும் வெட்டினார். அடியில் இருந்த களிதான் தண்ணீரைப் பிடித்து வைத்திருந்தது. செம்புறாங்கல் முழுக்க ஓட்டை, தண்ணீர் இறங்கிக்கொண்டே இருக்கும். கார்த்திகையில் ததும்பிய ஊருணி மாசிக்குள் வற்றிவிட்டது. கோடையிலும் குடம் மோண்ட இடம் அது. இப்போது வெளியிலிருந்து களிமண் கொண்டுவந்து கொட்டி, மிதித்து இறுக்கலாம் என்று பேசுகிறார்கள். அப்படிச் செய்து தண்ணீர் நின்ற ஊர் ஏதாவது உங்களுக்குத் தெரியுமா? தெரிந்தவர்கள் எழுதுங்கள், சின்னையாவைக் கூட்டிக்கொண்டு நேரில் போய்ப் பார்க்கிறோம்.