வேதம் கற்பதற்குப் பிறப்பு தடையாகுமா?

களுவாஞ்சிகுடியிலிருந்து:
வணக்கம். உபநிடதங்களை மூலமொழியிலேயே வாசிக்க வேண்டுமென்று என் மகள் சமஸ்கிருதம் பயில்கிறாள். உபநயனம் (பூணூல் அணிவிக்கும் சடங்கு) பெறும் குலத்தில் பிறவாதவருக்கு அந்த உரிமை இல்லையென உறவினர் ஒருவர் கூறியதால் மனமுடைந்திருக்கிறாள். நூல்கள் உண்மையில் என்ன சொல்கின்றன?

காரைதீவிலிருந்து:
உறவினரின் கூற்றுக்கு நூலாதாரம் இருப்பதை மறைக்கக் கூடாது, அம்மா. வேதாந்தத்தின் அடிப்படை நூலான பிரமசூத்திரத்தின் முதல் அத்தியாயம் மூன்றாம் பாதத்தில் 34 முதல் 38 வரையான சூத்திரங்களுக்கு உரை செய்த அத்வைத ஆசிரியர் சங்கரர், நான்காம் வருணத்தாரான சூத்திரர்களுக்கு வேதம் ஓதும் அதிகாரத்தை மறுத்து, இதிகாச புராணங்களின் வழியே ஞானம் பெறலாம் என்கிறார். சாந்தோக்கிய உபநிடதத்திலோ, தன் கோத்திரம் தெரியாதென்று உள்ளபடி சொன்ன சத்தியகாமனை, அந்த உண்மைக்காகவே கௌதமர் என்னும் முனிவர் சீடனாக ஏற்கிறார். பிராமணனல்லாதவன் இவ்வாறு பேசமாட்டான் என்று அவர் சொல்வதைப் பற்றிக்கொண்டு, பிறவாதவருக்கு உரிமை இல்லையென வாதிடுபவர்களும் உண்டு. உண்மையே குலத்துக்கு அடையாளம் என்றுதான் எனக்குப் படுகிறது.

தம்பிலுவிலிலிருந்து:
சைவர்களாகிய நாம் சங்கரரோடு நின்றுவிட வேண்டியதில்லை. சைவ நெறிநூலான சிவாகமம் எல்லா வருணத்தாருக்கும் உரியதென்று, பிரமசூத்திரத்துக்குச் சைவ உரை செய்த ஸ்ரீகண்டர் எழுதினார். பாணர் குலத்து நீலகண்ட யாழ்ப்பாணரை அந்தணரான திருநீலநக்கர் வேள்வி வேதிகையருகே துயிலச் செய்தபோது, வேள்வித் தீ வலஞ்சுழித்து ஓங்கியதாகப் பெரியபுராணம் பாடுகிறது. நம் கிழக்கிலங்கைக் கண்ணகி கோயில்களில் வைகாசிச் சடங்கை நடத்துபவர் பிராமணரல்லாத பூசகரான கப்புகனாரே. ஆயினும், கோயிலுரிமைகளைக் குடி பார்த்துப் பங்கிடும் வழக்கம் நம்மிடமும் உள்ளது என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன்.

களுவாஞ்சிகுடியிலிருந்து:
நன்றி, ஐயா. சத்தியகாமன் கதையை இன்றிரவே அவளோடு வாசிப்பேன்.