அப்பா எழுதி வைத்த தாளுக்குச் சட்டத்தில் இடமுண்டா?

கேள்வி: சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

என் தந்தையின் நுரையீரல் புற்றுநோய் எலும்புவரை பரவிவிட்டது. இனிக் குணப்படுத்த வழியில்லை என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். தமக்குச் செயற்கைச் சுவாசக் கருவி பொருத்தக் கூடாது என்று தம் கைப்பட எழுதி, இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டிருக்கிறார். அதன்படி நடப்பது பெற்ற தகப்பனை நாமே கொல்வதற்குச் சமம் என்கிறார் அண்ணன். அம்மா வாய் திறப்பதில்லை. அந்தத் தாள் செல்லுமா? வலி தாங்காமல், "ஓர் ஊசி போட்டு முடித்துவிடச் சொல்லம்மா" என்றும் அப்பா கேட்கிறார். அதற்கு இந்நாட்டில் இடமுண்டா?

மறுமொழி: பீனிக்ஸ், ஓய்வுபெற்ற வழக்கறிஞர்

சகோதரி, இவை இரண்டும் வெவ்வேறு காரியங்கள். சிகிச்சையை மறுக்கும் உரிமை நோயாளிக்கு உண்டு. நினைவு தெளிவாக இருக்கும்வரை தந்தையின் வாய்ச்சொல்லே போதும் என்பதால், இப்போதே மருத்துவரிடம் சொல்லி மருத்துவக் குறிப்பில் பதியச் செய்யுங்கள். நினைவு தவறிய பிறகு யார் முடிவெடுப்பது என்பதை 2003ஆம் ஆண்டின் தேசிய நலவாழ்வுச் சட்டம் வரிசைப்படுத்தியிருக்கிறது: நோயாளி எழுத்துமூலம் நியமித்தவர் முதலில், அப்படி ஒருவர் இல்லையென்றால் வாழ்க்கைத் துணை, பிள்ளைகள் அதற்கும் பின்னர்தான். ஆகவே அண்ணனைவிட அம்மாவின் சொல்லுக்கே அங்கே முதலிடம். இத்தகைய விருப்ப ஆவணத்துக்கெனத் தனிச் சட்டம் இல்லாவிட்டாலும், அதைப் புறக்கணித்துவிட முடியாது. நினைவு திரும்பாத நிலையில் கிடந்த கிளார்க் என்னும் மருத்துவர் முன்பே எழுதி வைத்திருந்ததையும் கருத்தில் கொண்டு, குழாய்வழி உணவூட்டலை நிறுத்த அவருடைய மனைவிக்கு 1992இல் நம் டர்பன் நீதிமன்றமே அதிகாரம் அளித்தது. அதைக் கொலை என்று அது கருதவில்லை.

ஊசி போடுவது, நோயாளியே வேண்டிக் கேட்டாலும், குற்றம்.

மறுமொழி: பீட்டர்மாரிட்ஸ்பர்க்

அந்தச் சட்டம் மாற வேண்டும் என்பதே என் உறுதியான எண்ணம். 2015 ஏப்ரலில் ஸ்டிரான்ஷம்-ஃபோர்டு என்னும் வழக்கறிஞருக்கு மருத்துவர் துணையோடு உயிர்விடப் பிரிட்டோரியா நீதிமன்றம் அனுமதி அளித்தது. ஆணை வருவதற்குச் சில மணி நேரம் முன்னரே புற்றுநோயால் அவர் இறந்துவிட்டார். அத்தீர்ப்பையும் 2016 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தது. பேராயர் டுட்டுவே இவ்வுரிமையை ஆதரித்த நாட்டில், இதை இன்னும் பாவம் என்று ஒதுக்குவது நியாயமா?

மறுமொழி: டர்பன், நோய்த்தணிப்புச் செவிலியர்

ஐயா, நாள் தவறாமல் மாத்திரைகூடக் கிடைக்காத வீடுகளை நான் பார்க்கிறேன். பிள்ளைகளுக்குப் பாரமாகிவிட்டோம் என்ற வேதனையில் கேட்பவருக்கும், உண்மையிலேயே போதும் என்று கேட்பவருக்கும் உள்ள வேறுபாட்டை அவசரமாக வரும் ஒரு மருத்துவர் எப்படி அறிவார்? அந்த அச்சம் தீராமல் சட்டத்தைத் தளர்த்த என் மனம் ஒப்பவில்லை.

தங்கையே, ஊசி கேட்கும் பலர் வலி அடங்கியதும் அப்பேச்சை எடுப்பதே இல்லை. அப்பாவுக்கு மார்ஃபின் கரைசல் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை தரப்படுகிறதா, வலி வந்த பிறகு மட்டுமா என்று கேளுங்கள். தக்க அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டினால் அது உயிரைப் பறிப்பதில்லை. அதனால் வரும் மலச்சிக்கலுக்கும் கூடவே மருந்து வேண்டும். வாய் உலர்ந்தால் ஈரப் பஞ்சால் உதட்டைத் துடைத்துவிடுங்கள். அந்த வேலையை அண்ணனிடம் கொடுங்கள். அப்பாவின் விருப்பத்தை அப்பாவின் வாயாலேயே அவர் கேட்கட்டும்.