வெலிங்டனில் மூன்று நாள், கேம்பர்வேனில்: எந்த அருங்காட்சியகம், எந்தப் படப்பிடிப்பு இடம்?

திருச்சி_பயணி:

வணக்கம். மார்ச் கடைசி வாரம் குடும்பத்தோடு நியூசிலாந்து போகிறோம். ஆக்லாந்தில் இறங்கி, உள்ளேயே படுத்துச் சமைத்துக்கொள்ளும் ஏழு மீட்டர் கேம்பர்வேன் ஒன்றை வாடகைக்கு எடுத்து, தெற்கே ஓட்டிக்கொண்டு வந்து, வெலிங்டனில் மூன்று நாள் தங்கிவிட்டு, கப்பலில் வண்டியோடு தெற்குத் தீவில் இருக்கும் பிக்டன் போவதாகத் திட்டம். நான், மனைவி, எட்டாவது படிக்கும் மகள், 68 வயது அம்மா.

மகள் 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' படங்களை எத்தனை முறை பார்த்தாள் என்று கணக்கே இல்லை. படம் எடுத்த இடங்களில் காலை வைக்க வேண்டும் என்பதற்காகவே இரண்டு வருடமாகப் பிறந்தநாள் பரிசு எதுவும் கேட்கவில்லை. அம்மாவுக்கு அந்தப் படங்கள் தெரியாது. அவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. தஞ்சாவூரில் ஒரு செப்பேட்டின் முன்னால் முக்கால் மணி நேரம் நின்று எழுத்துக் கூட்டிப் படித்தவர். இப்போது மூட்டுவலி, சமதரையில் அரைமணி நேரம் நடப்பார், படி ஏற முடியாது.

இவ்வளவு பெரிய வண்டியை வெலிங்டன் தெருக்களுக்குள் கொண்டுபோகலாமா? இரவில் எங்கே நிறுத்துவது? இரண்டு பேருக்கும் மனசு நிறையும்படி மூன்று நாளை எப்படிப் பிரிப்பது? படத்துக்காகக் கட்டிய ஹாபிட்டன் கிராமம் வெலிங்டனுக்குப் பக்கமா? அம்மாவுக்கு ஏதோ ஒப்புக்குக் கூட வந்ததாக ஆகிவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

ஊர்சுற்றி77:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். ஹாபிட்டன் மட்டமாட்டாவில் இருக்கிறது. ஆக்லாந்திலிருந்து இரண்டு மணி நேரம்தான். வெலிங்டனிலிருந்து போவதென்றால் பாதி நாள் ஓட்ட வேண்டும். எனவே தெற்கே வரும் வழியிலேயே முடித்துவிடுங்கள். நுழைவுச்சீட்டை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள்.

போன வருடம் நாங்கள் ஆறு மீட்டர் வண்டியில் பதினெட்டு நாள் சுற்றினோம். வண்டி விஷயத்தில் நான்கு சொல்கிறேன். ஒன்று, வண்டிக்குள் கழிவறை நிலையாகப் பொருத்தியிருந்து, அதற்கான பச்சை அட்டை ஒட்டியிருந்தால்தான் பெரும்பாலான இலவச இடங்களில் இரவு தங்கலாம். 2023-இல் சட்டம் மாறிவிட்டது. தூக்கி வைக்கும் சிறு கழிவறை இருந்தால் போதும் என்று பழைய பதிவுகளில் படித்ததை நம்பாதீர்கள். இரண்டு, டீசல் வண்டிக்குக் கிலோமீட்டர் கணக்கில் சாலை வரி உண்டு. அது வாடகையில் சேர்ந்ததா, திருப்பிக் கொடுக்கும்போது கட்டுவதா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். எங்களுக்குக் கடைசி நாளில்தான் தெரிந்தது. மூன்று, கப்பலுக்குப் பதியும்போது வண்டியின் நீளத்தைச் சரியாகக் கொடுங்கள், பின்னால் சைக்கிள் மாட்டினால் அதையும் சேர்த்து. ஏறுமுன் கேஸ் சிலிண்டரை மூட வேண்டும். பயணம் மூன்றரை மணி நேரம் போல.

நான்காவது காற்று. வெலிங்டன் காற்றைப் பற்றிச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. கடற்கரைச் சாலையில் நிறுத்தி மனைவி கதவைத் திறந்தார். காற்று கதவைப் பிடுங்கிக்கொண்டு போய்க் கீல் வளைந்துவிட்டது. வண்டியின் முகம் காற்றைப் பார்த்து இருக்கும்படி நிறுத்துங்கள். அம்மா இறங்கும்போது கதவை யாராவது கையில் பிடித்திருக்கட்டும்.

அப்புறம், பருப்புப்பொடி, ஊறுகாய், அரிசி எது கொண்டுபோனாலும் விமான நிலையப் படிவத்தில் எழுதிவிடுங்கள். எழுதினால் பார்த்துவிட்டுப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். எழுதாமல் மாட்டினால் அந்த இடத்திலேயே 400 டாலர் அபராதம்.

நாகூர்க்காரி:

தம்பி, நான் வெலிங்டனுக்குப் பக்கத்தில் அப்பர் ஹட்டில் பதினோரு வருடமாக இருக்கிறேன். ஊர் நாகூர். உங்கள் கேள்வியில் 'தமிழாசிரியை' என்று பார்த்ததும் இந்தப் பதிலை எழுத உட்கார்ந்துவிட்டேன். ஏன் என்று கீழே சொல்கிறேன். முதலில் வண்டி.

வண்டியை நகருக்குள் கொண்டுபோகாதீர்கள். தெருக்கள் குறுகல், மேடு, ஏழு மீட்டருக்கு நிறுத்துமிடம் தேடியே அரை நாள் போய்விடும். முதலாம் நெடுஞ்சாலையில் வரும்போது 58-ஆம் நெடுஞ்சாலையில் திரும்புங்கள். வெலிங்டனைத் தொடாமலே ஹட் பள்ளத்தாக்கில் இறங்குவீர்கள். உங்கள் மகளுக்கு வேண்டியதில் பாதி இந்தப் பள்ளத்தாக்கில்தான் இருக்கிறது. இறங்குமிடத்தில் பக்கத்து மலையில் ஒரு கல் குவாரி தெரியும். ஹெல்ம்ஸ் டீப் கோட்டையையும் மினாஸ் டிரித் நகரத்தையும் அங்கேதான் கட்டிப் படம் எடுத்தார்கள். இப்போதும் கல் உடைக்கிற குவாரி அது, உள்ளே விடமாட்டார்கள். சாலையிலிருந்து பார்ப்பதோடு சரி. அங்கிருந்து மேலே வந்தால் ஹட் ஆறு, படத்தில் ஆண்டுயின் ஆறாக வருவதில் ஒரு பகுதி. அதையடுத்து ஹார்கோர்ட் பூங்கா, படத்தில் மந்திரவாதியின் கோட்டையான ஐசன்கார்டின் தோட்டம். சமதரை, புல்வெளி, பெரிய மரங்கள். அம்மா பெஞ்சில் உட்காரலாம்.

முதல் இரவைக் கைட்டோக்கி வட்டாரப் பூங்காவில் வையுங்கள். அப்பர் ஹட்டுக்கு வடக்கே 12 கிலோமீட்டர். படத்தில் எல்ஃபுகள் வாழும் ரிவெண்டெல் இதுதான். செட்டுகளை எல்லாம் படம் எடுத்த கையோடு பிரித்துவிட்டார்கள். இப்போது இருப்பது பெயர்ப்பலகைகள், பின்னாளில் வைத்த ஒரு வளைவு, படத்து ஆட்களின் உயரத்தைக் காட்டும் பலகை. சில பேர் 'இவ்வளவுதானா' என்று திரும்பிவிடுகிறார்கள். அவர்கள் நடுப்பகலில் பேருந்துக் கூட்டத்தோடு வந்தவர்கள். இரவு அங்கேயே தங்கினால், காலை ஏழு மணிக்கு ஆற்றின் மேல் பனி நிற்கும்போது மகளை அந்தக் காட்டுக்குள் கூட்டிப்போகலாம். யாரும் இருக்கமாட்டார்கள், தண்ணீர்ச் சத்தம் மட்டும். வெலிங்டன் வட்டாரக் குடிநீரில் ஒரு பெரிய பகுதி இந்த ஆற்றிலிருந்து போகிறது, அதனால் காட்டை அப்படிக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். முகாமில் மின்சார இணைப்பு கிடையாது, பேட்டரியைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு எச்சரிக்கை: திருப்பத்தைத் தவறவிட்டால் ரெமுட்டாக்கா மலைப்பாதையில் ஏறிவிடுவீர்கள். கொண்டை ஊசி வளைவுகள், திருப்ப இடம் கிடைக்காது.

அடுத்த இரண்டு இரவும் லோயர் ஹட்டில் இருக்கும் டாப் 10 ஹாலிடே பார்க்கில் தங்குங்கள். மின்சாரம், வெந்நீர், கழிவுத்தொட்டி காலி செய்யும் இடம் எல்லாம் உண்டு. நகரத்துக்குப் பேருந்திலோ ரயிலிலோ போய்வாருங்கள்.

இப்போது அம்மாவுக்கு வருகிறேன்.

தே பாப்பா, நியூசிலாந்தின் தேசிய அருங்காட்சியகம். 1998-இல் துறைமுகக் கரையில் திறந்தது. அதன் தொகுப்பில் ஒரு வெண்கல மணி இருக்கிறது. பெயரே 'தமிழ் மணி'. ஓரம் உடைந்துபோனது, உயரம் வெறும் 13 சென்டிமீட்டர். 1836 வாக்கில் வில்லியம் கொலென்சோ என்ற மிஷனரி வடக்கே ஃபாங்கரே பக்கம், இந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரிகளின் ஊர் ஒன்றுக்குப் போனபோது, பெண்கள் அதைக் கவிழ்த்துப் போட்டு உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார்களாம். ஓர் இரும்புச் சட்டியைக் கொடுத்துவிட்டு இதை வாங்கிக்கொண்டார். அவர் காலத்துக்குப் பிறகு அருங்காட்சியகத்துக்கு வந்தது.

மணியைச் சுற்றித் தமிழ் எழுத்து. புள்ளி இல்லாமல், பழைய வடிவத்தில். இன்றைய எழுத்தில் சொன்னால்: முகையதீன் வக்குசு உடைய கப்பல் உடைய மணி.

நாகூரில் பிறந்தவளுக்கு இதைப் படித்தால் எப்படி இருக்கும் என்று சொல்லத் தெரியவில்லை. முகைதீன் என்று பெயர் வைக்காத வீடு எங்கள் தெருவில் இல்லை. கடலுக்குப் போகிறவர்கள் முகைதீன் ஆண்டவர் பெயரைச் சொல்லித்தான் பாய் ஏற்றுவார்கள் என்று என் வாப்பாவின் உம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். சோழமண்டலக் கரையில் எங்கோ ஒரு மரக்கலத்தில் தொங்கிய மணி, உலகத்தின் இந்தக் கோடிக்கு வந்து அடுப்பில் ஏறியிருக்கிறது.

எப்படி வந்தது என்பது இன்றுவரை முடிவாகவில்லை. எழுத்தை வைத்து ஐந்நூறு ஆண்டு பழையது என்பவர்களும் உண்டு, அவ்வளவு பழையது இல்லை என்பவர்களும் உண்டு. தமிழர்கள்தான் நியூசிலாந்தை முதலில் கண்டுபிடித்தார்கள் என்று வாட்ஸாப்பில் சுற்றுகிறதே, அதை அம்மாவிடம் கொடுக்காதீர்கள். மணி வந்தது என்றால் ஆள் வந்தான் என்று ஆகாது. கைமாறி வந்திருக்கலாம், ஆளில்லாமல் மிதந்து வந்த கப்பலாக இருக்கலாம். உருளைக்கிழங்கே ஐரோப்பியர் வந்த பிறகுதான் இந்த நாட்டுக்கு வந்தது, அதையும் நினைவில் வைக்க வேண்டும். எனக்கு அந்த ஒரு வரியே போதும். ஒருவர், அவர் கப்பல், அதன் மணி.

மூன்று வருடம் முன்னால் வாப்பா ஊரிலிருந்து வந்திருந்தபோது, கேட்காமல் கொள்ளாமல் அவரைக் கூட்டிப்போய்விட்டேன். அன்று அது காட்சியில் இல்லை. அருங்காட்சியகங்களில் பொருள்களை மாற்றி மாற்றித்தான் வைப்பார்கள், தப்பு என்னுடையது. வாப்பாவுக்கு அவர்களுடைய இணையத் தொகுப்பிலிருந்த படத்தைத்தான் காட்ட முடிந்தது. அதனால் சொல்கிறேன், கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே தே பாப்பாவுக்கு மின்னஞ்சல் எழுதி, அந்தத் தேதியில் மணி வெளியே இருக்குமா என்று கேளுங்கள். இல்லையென்றால் பார்க்க வேறு வழி உண்டா என்றும் கேளுங்கள்.

மணி இல்லாவிட்டாலும் தே பாப்பாவுக்கு ஒரு முழு நாள் தாராளமாக வேண்டும். வெளிநாட்டவருக்கு 35 டாலர், 16 வயதுக்குக் கீழே இலவசம். உங்கள் கணக்கு 105 வரும். லிஃப்ட் எல்லாத் தளத்துக்கும் உண்டு. முதல் உலகப் போரில் நடந்த கலிப்போலி போரைப் பற்றிய கூடத்தை மகளுக்குக் காட்டுங்கள். அங்கிருக்கும் ஆட்களின் உருவங்கள் மனித அளவைப்போல 2.4 மடங்கு. மயிர்க்கால், வியர்வை வரை செய்திருக்கிறார்கள். அவள் விரும்பும் படங்களுக்குக் கவசமும் வாளும் செய்த அதே வெட்டா பட்டறையின் கைவேலை. அந்தப் போரில் இறந்த நியூசிலாந்தர் 2,779 பேர். நான் முதல்முறை பார்த்துவிட்டு வெளியே வந்து கடலைப் பார்த்துக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாம் நாள் காலை, தண்டவாளத்தில் குன்றேறும் கேபிள் கார். 1902-லிருந்து ஓடுகிறது. மேலே சின்னதாக ஓர் அருங்காட்சியகம், கட்டணம் இல்லை. நேரம் மிஞ்சினால் ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே தேசிய நூலகம். மாவோரிகளும் பிரிட்டிஷ் அரசும் செய்துகொண்ட 1840 வைதாங்கி உடன்படிக்கையின் மூலத் தாள்களும், 1893-இல் பெண்கள் வாக்குரிமை கேட்டுக் கையெழுத்திட்ட மனுவும் அங்கே ஓர் இருண்ட அறையில் இருக்கின்றன. உடன்படிக்கைத் தாள்களின் ஓரங்களை எலி தின்றிருக்கும். அம்மா அங்கேயும் முக்கால் மணி நேரம் நிற்பார் என்று நினைக்கிறேன்.

மிராமர்வாசி:

அக்கா எல்லாம் சொல்லிவிட்டார். நான் இருக்கும் பகுதியைப் பற்றி மட்டும். வெட்டா பட்டறை இங்கே மிராமரில்தான். நகரத்திலிருந்து 2-ஆம் எண் பேருந்து வருகிறது. கடையும் வாசலில் நிற்கும் ராட்சதர்களும் இலவசம், உள்ளே சுற்றிப் பார்க்கத்தான் பணம். அதை முன்பே பதிவு செய்யுங்கள். செய்கிறவர்களே நின்று விளக்குவார்கள், பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு அது ரிவெண்டெலை விடவும் பிடிக்கலாம்.

விக்டோரியா குன்றை விட்டுவிடாதீர்கள். 1999 அக்டோபரில் படப்பிடிப்பு தொடங்கியதே அங்கேதான். கறுப்புக் குதிரைவீரன் வரும்போது நான்கு ஹாபிட்டுகளும் மரத்தடியில் ஒளிந்துகொள்ளும் இடம். வேர்கள் செட் போட்டவை, இப்போது இல்லை. பாதையும் பைன் மரங்களும் அப்படியே இருக்கின்றன. பாதை மேடுபள்ளம், எனவே மகளோடு ஒருவர் போங்கள், அம்மாவை டாக்சியில் உச்சிக்கு அனுப்பிவிடலாம். அங்கிருந்து முழுத் துறைமுகமும் தெரியும். மாலையில் எம்பஸி திரையரங்கில் ஏதாவது படம் பாருங்கள், என்ன படமாக இருந்தாலும் பரவாயில்லை. 1924-இல் கட்டியது. மூன்றாம் பாகத்தின் உலக முதல் காட்சி 2003 டிசம்பர் 1 அன்று அங்கேதான் நடந்தது.

திருச்சி_பயணி:

மூன்று பேருக்கும் நன்றி. ஹாபிட்டன் சீட்டு எடுத்தாகிவிட்டது. கைட்டோக்கியில் ஒரு நாள் கூட்டி நான்கு நாளாக்கிவிட்டோம்.

நாகூர் அக்கா, நேற்று இரவு அம்மாவிடம் எதுவும் சொல்லாமல் அந்த மணியின் படத்தைச் செல்பேசியில் பெரிதாக்கிக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலால் நகர்த்தி நகர்த்தி, 'கப்பல்' வரை தானே வந்துவிட்டார். நடுவில் 'வக்குசு' மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை. நீங்கள் எழுதியதைப் படித்துக் காட்டினேன். "பக்ஷ் என்கிற பெயர்தான் வக்குசு ஆகியிருக்கிறது. இரண்டு தடவை 'உடைய' போட்டிருக்கிறான் பார், படித்த புலவன் இப்படி எழுதமாட்டான், பேசுகிறபடியே வெட்டியிருக்கிறான்" என்றார். எங்கே இருக்கிறது என்று சொன்னதும், மூட்டுக்குப் போட எண்ணெய் எத்தனை பாட்டில் விமானத்தில் விடுவார்கள் என்று கேட்டார். இதுவரை பயணத்தைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அது.

தே பாப்பாவுக்கு இன்று காலை எழுதிவிட்டேன். இன்னொன்று, பேருந்து, ரயிலுக்குத் தனித்தனியாகச் சீட்டு எடுக்க வேண்டுமா?

நாகூர்க்காரி:

ஸ்னாப்பர் அட்டை ஒன்று ஆளுக்கு வாங்கிக்கொள்ளுங்கள். ரயில், பேருந்து, கேபிள் கார் எல்லாவற்றுக்கும் செல்லும். எண்ணெயைப் பெட்டிக்குள் வைத்து அனுப்புங்கள், கைப்பையில் வேண்டாம். படிவத்தில் மூலிகை எண்ணெய் என்று எழுதிவிடுங்கள்.

அம்மா சொன்ன 'உடைய' விஷயத்தை வாப்பாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "கப்பல்காரன் சொல்லச் சொல்ல வெட்டியிருப்பான்" என்றார். அருங்காட்சியகத்திலிருந்து பதில் வந்ததும் தேதியை இங்கே போடுங்கள் தம்பி. நானும் லீவு சொல்லிவிட்டு வந்துவிடுகிறேன்.